ஆபீஸ் ஸ்விட்ச் மந்தமா? அறிகுறி பார்த்துப் பழுது பிடிக்கும் முறை

திருப்பூர் பனியன் கம்பெனியோ, சோமனூர் தறிக்குடோனை ஒட்டிய ஆபீஸோ, கோவை ஃபவுண்டரியோ, நெட்வொர்க் மந்தம் என்றதும் வரும் முதல் பேச்சு, "ஸ்விட்ச்சை மாத்திப் போட்ருங்க" என்பதுதான். ஸ்விட்ச் என்பது ஆபீஸ் கம்ப்யூட்டர்களின் கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் பெட்டி. மாற்றிய பிறகும் பல இடங்களில் அதே மந்தம் தொடர்கிறது. சாதாரண 8 போர்ட் கிகாபிட் ஸ்விட்ச்கூட எட்டு போர்ட்டும் இரு திசையிலும் முழு வேகத்தில் ஓடுவதைத் தாங்கும். பெட்டியில் 16 ஜிபிபிஎஸ் (நொடிக்கு 16 கிகாபிட்) என்று அச்சிட்டிருப்பதன் பொருள் அதுவே. 24 போர்ட் என்றால் 48 ஜிபிபிஎஸ். கணக்கு, பில், டிசைன் ஃபைல், கேமரா எல்லாம் சேர்ந்தாலும் ஒரு நடுத்தர ஆபீஸ் அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூடப் போகாது. ஆகவே ஸ்விட்ச்சைக் கடைசிச் சந்தேகமாக வைத்துக்கொண்டு, முதலில் அளந்து பாருங்கள்.

முதலில் அளவு

இன்டர்நெட் ஸ்பீடு டெஸ்ட் இதற்கு உதவாது. அது அளப்பது வெளியே போகும் லைனை. ஃபைல் காப்பி செய்து பார்ப்பதும் அரைகுறைதான். அதில் ஹார்டு டிஸ்க்கின் வேகமும் ஆன்டிவைரஸும் கலந்துவிடும். மெமரியிலிருந்து மெமரிக்கு அனுப்பி அளக்கும் ஐபெர்ஃப்3 என்ற இலவச நிரல்தான் சரியான கருவி.

கிகாபிட் ஈதர்நெட் உள்ள இரண்டு லேப்டாப், கம்பெனியில் கிரிம்ப் செய்து வந்த 2 மீட்டர் பேட்ச் கார்டு (குட்டிக் கேபிள்) இரண்டு, இவ்வளவு போதும். வைஃபையை அணைத்துவிடுங்கள். யுஎஸ்பி அடாப்டர் வைத்து அளப்பதானால் அதை 3.0 துளையில்தான் செருக வேண்டும். 2.0 துளையின் உச்சமே 480 மெகாபிட் என்பதால், அதில் செருகிவிட்டு ஸ்விட்ச் மேல் குறை சொல்லக்கூடாது.

முதலில் ஸ்விட்ச்சே இல்லாமல், ஒரே கார்டால் இரண்டு லேப்டாப்பையும் நேராக இணையுங்கள். ஒன்றுக்கு 192.168.50.1, மற்றதுக்கு 192.168.50.2, மாஸ்க் 255.255.255.0. முதல் லேப்டாப்பில் ஐபெர்ஃப்3 ‘-எஸ்’ (iperf3 -s) என்று ஓட்டுங்கள். இரண்டாவதில் ‘-சி 192.168.50.1 -டி 30’ (iperf3 -c 192.168.50.1 -t 30). விண்டோஸ் ஃபயர்வால் 5201 போர்ட்டைத் தடுக்கும். அனுமதி கேட்டால் கொடுங்கள். 30 நொடி முடிந்ததும் 940 மெகாபிட்டை ஒட்டி வர வேண்டும். 1000 வராது. ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் (தரவுப் பொட்டலம்) தலைப்பு, முன்குறி, இடைவெளி என்று 1538 பைட் ஓடினால் அதில் உருப்படியான தரவு 1448 பைட்தான். ஆக 941 என்பது முழு மதிப்பெண். பிறகு ‘-ஆர்’ (பெரிய எழுத்தில் -R) சேர்த்து எதிர்த்திசையையும் அளந்துகொள்ளுங்கள். இங்கேயே 940 வரவில்லை என்றால் லேப்டாப்பில்தான் குறை. வேறு லேப்டாப் எடுங்கள்.

இப்போது அதே லேப்டாப்புகளை ஸ்விட்ச்சின் இரண்டு போர்ட்டில் செருகி அதே சோதனையை ஓட்டுங்கள். நேர் இணைப்புக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம்தான் ஸ்விட்ச்சின் பங்கு. நல்ல ஸ்விட்ச்சில் வித்தியாசமே தெரியாது. நான்கு லேப்டாப் கிடைத்தால் இரண்டு ஜோடியை ஒரே நேரத்தில் ஓட்டுங்கள். இரண்டும் 940இல் நிற்க வேண்டும். இதில் தேறிய ஸ்விட்ச்சைக் கழற்றும் எண்ணத்தை விட்டுவிடலாம். அடுத்து ஒரு லேப்டாப்பைச் சர்வர் இருக்கும் போர்ட்டிலும், மற்றதைப் புகார் சொன்னவரின் மேஜையில் உள்ள ஐஓ பாக்ஸிலும் (நெட்வொர்க் கேபிள் செருகும் துளை) செருகி அளந்தால், சுவருக்குள் ஓடும் கேபிளின் கதை தெரிந்துவிடும்.

"காப்பி போட்டா 11 எம்பிக்கு மேல ஏறவே மாட்டேங்குதுங்க"

11 என்ற எண்ணே பழுதின் பெயரைச் சொல்லிவிடுகிறது. 100 மெகாபிட் இணைப்பில் அதிகபட்சம் நொடிக்கு 11 மெகாபைட் சொச்சம்தான் போகும். கிகாபிட்டில் 112 வரை போகும். டாஸ்க் மேனேஜரில் ஈதர்நெட் பக்கத்தையும், அடாப்டரின் ஸ்டேட்டஸில் ஸ்பீடு என்ற வரியையும் பாருங்கள். 100 என்று இருந்தால் வேலை கேபிளில்தான்.

100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடிக் கம்பி போதும்: 1-2, 3-6. கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். இரண்டு பக்கமும் எந்த வேகத்தில் பேசுவது என்று முடிவு செய்வது முதல் இரண்டு ஜோடியில்தான். நீலமோ பழுப்போ அறுந்திருந்தால், கிகாபிட்டில் பேசுவோம் என்று ஒப்புக்கொண்ட பிறகு இணைப்பு எழாமல் தடுமாறும். கடைசியில் பெரும்பாலான நெட்வொர்க் கார்டுகள் தாமாகவே 100க்கு இறங்கும். சில கார்டுகள் இறங்கத் தெரியாமல் இணைப்பே இல்லாமல் நிற்கும்.

கம்பி அறும் இடம் பெரும்பாலும் கேபிள் முனையில் உள்ள ஜாக்கின் உள்ளேதான். இரண்டு பக்க ஜாக்கையும் வெட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. முறுக்கைப் பிரிக்கும் நீளம் 13 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. ஒரே கேபிளைப் பிரித்து இரண்டு கம்ப்யூட்டருக்குக் கொடுத்திருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். இழுத்த கேபிள் போதாத பழைய கட்டடங்களில் இது நிறைய உண்டு. அதில் கிகாபிட் வரவே வராது. புதுக் கேபிள் இழுக்காமல் தீர்வு இல்லை.

இன்னொன்று, செப்பு முலாம் பூசிய அலுமினியக் கேபிள். விலை குறைவு என்று வாங்கிப் போட்டுவிடுவார்கள். கம்பியைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாக இருக்கும். சுரண்ட முடியாத இடத்தில் மல்டிமீட்டர் உதவும்: மறுமுனையில் ஒரு ஜோடியை மட்டும் முறுக்கி இணைத்துவிட்டு, இந்த முனையில் மின்தடையைப் பாருங்கள். நல்ல செம்புக் கேபிளில் 100 மீட்டருக்குப் போய்வர 19 ஓமுக்குள் இருக்கும். 25ஐத் தாண்டினால் அலுமினியம் என்று சந்தேகிக்கலாம். அந்தக் கேபிளில் ஜாக் எத்தனை முறை மாற்றினாலும் நிலைக்காது.

"பிங் நல்லா வருதுங்க, பெரிய ஃபைல் போட்டா நின்னு நின்னு போகுதுங்க"

ஆபீஸில் அதிக நேரம் வீணாவது இந்த அறிகுறியில்தான், ஏனென்றால் மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். இணைப்பு இருக்கிறதா என்று சோதிக்கும் பிங் கட்டளை விண்டோஸில் சாதாரணமாக அனுப்புவது 32 பைட். கெட்டுப்போன கேபிளிலும் சின்னப் பொட்டலம் தப்பித்துப் போய்விடும். பிங்கில் ‘-எல் 1472’ (-l 1472) கொடுத்து 500 முறை அனுப்புங்கள். ஒன்றிரண்டு தவறினாலே சந்தேகம் உறுதி. உள்ளூர் நெட்வொர்க்கில் தவறுவதற்கு நியாயமே கிடையாது.

அடுத்து எண்ணிகளைப் படியுங்கள். மேனேஜ்டு ஸ்விட்ச் (உள்ளே நுழைந்து அமைப்புகளைப் பார்க்கவும் மாற்றவும் முடிந்தது) என்றால் போர்ட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பக்கம். அன்மேனேஜ்டு என்றால் கம்ப்யூட்டரில் ‘நெட்ஸ்டாட் -ஈ’ (netstat -e) கட்டளை. இதில் இரண்டு எண்களைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. சிஆர்சி பிழை, சில ஸ்விட்ச்சில் எஃப்சிஎஸ் பிழை, என்பது ஃப்ரேம் வழியில் சிதைந்தது. கேபிள், ஜாக், மின் இரைச்சல் ஆகியவற்றைத் தேடுங்கள். டிஸ்கார்டு என்பது ஃப்ரேம் நல்லபடியாக வந்தும் வெளியே அனுப்ப இடமில்லாமல் போனது, அது நெரிசல். இரண்டையும் குழப்பிக்கொண்டு நெரிசலுக்குக் கேபிள் மாற்றுவதும், கேபிள் பழுதுக்கு ஸ்விட்ச் மாற்றுவதும்தான் வீண்செலவின் ஊற்று.

எண்ணியை முதலில் பூஜ்யமாக்குங்கள், பத்து நிமிடம் ஐபெர்ஃப் ஓட்டுங்கள், பிறகு படியுங்கள். மொத்த எண்ணிக்கை முக்கியமல்ல, ஏறிக்கொண்டே போகிறதா என்பதே கேள்வி. பிழையைப் பதிவு செய்வது வாங்கும் பக்கம். ஸ்விட்ச் போர்ட்டில் சிஆர்சி ஏறினால் கம்ப்யூட்டரிலிருந்து ஸ்விட்ச்சுக்கு வரும் திசை கெட்டிருக்கிறது. கம்ப்யூட்டரில் ஏறினால் எதிர்த்திசை.

எல்இடி கேபிள் டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிந்ததால் கேபிள் நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி என்று வரிசையாக அடுக்கி கிரிம்ப் செய்திருந்தால் டெஸ்டர் சரி என்றே காட்டும். ஆனால் 3ஆம், 6ஆம் கம்பிகள் வெவ்வேறு முறுக்கில் போய்விடும். ஒன்றின் சிக்னல் மற்றதில் கசிந்து சிஆர்சி ஏறும். ஜாக்கைக் கண்ணால் பார்ப்பதே இதற்கு வழி.

பழைய சிஎன்சி, எம்ப்ராய்டரி மெஷின், எடைமேடைக் கம்ப்யூட்டர் இருக்கும் இடங்களில் டூப்ளெக்ஸ் பொருத்தமின்மையையும் நினைவில் வையுங்கள். ஃபுல் டூப்ளெக்ஸ் என்றால் இரு திசையிலும் ஒரே நேரத்தில் பேசுவது, ஹாஃப் என்றால் மாறி மாறிப் பேசுவது. ஒரு பக்கம் 100 ஃபுல் என்று கையால் பூட்டியிருந்து மறுபக்கம் ஆட்டோவில் இருந்தால், ஆட்டோ பக்கம் வேகத்தை மட்டும் கண்டுகொள்ளும். டூப்ளெக்ஸ் தெரியாததால் ஹாஃபுக்கு இறங்கும். ஹாஃப் பக்கம் லேட் கொலிஷன் (தாமதமான மோதல்) எண்ணி ஏறும், ஃபுல் பக்கம் சிஆர்சி ஏறும். இந்த இரண்டும் ஒருசேரத் தெரிந்தால் கேபிளைத் தொட வேண்டாம். இரண்டு பக்கத்தையும் ஆட்டோவாக்குங்கள். மெஷினில் ஆட்டோ இல்லையென்றால் ஸ்விட்ச்சையும் அதே அளவில் பூட்டுங்கள்.

கேபிள் போகும் பாதையையும் நடந்து பாருங்கள். மோட்டார் டிரைவ், வெல்டிங் செட், இண்டக்‌ஷன் ஃபர்னஸ் ஆகியவற்றின் பவர் கேபிளோடு ஒரே டிரேயில் சேர்த்துக் கட்டியிருந்தால், ஷிஃப்ட் ஓடும் நேரத்தில் மட்டும் சிஆர்சி ஏறும், ஞாயிற்றுக்கிழமை சோதித்தால் ஒன்றும் தெரியாது. குறைந்தது 30 சென்டிமீட்டர் தள்ளிப் போடுங்கள். குறுக்கே கடந்தே ஆக வேண்டுமென்றால் நேர்க்கோணத்தில் கடக்கட்டும்.

"காலையில நல்லாத்தான் இருக்குதுங்க, பதினொரு மணிக்கு மேல டேலி சுத்திக்கிட்டே நிக்குதுங்க"

ஆள் கூடினால் வரும் மந்தம் இது. டிஸ்கார்டு எண்ணியைப் பாருங்கள். பெரும்பாலும் மற்ற ஸ்விட்ச்சோடு இணைக்கும் அப்லிங்க் போர்ட்டிலோ சர்வர் போர்ட்டிலோ ஏறியிருக்கும். ஒரு 300 மெகாபைட் டிசைன் ஃபைலை ஒருவர் திறந்தால் கிகாபிட்டில் மூன்று நொடிக்குள் வந்துவிடும். பத்துப் பேர் ஒரே சமயத்தில் திறந்தால் சர்வரின் ஒற்றைக் கம்பி வழியே எல்லாருக்கும் சேர்த்து 27 நொடி ஆகும். இதில் ஸ்விட்ச் எந்தத் தப்பும் செய்யவில்லை.

டேலி போன்ற கணக்கு சாஃப்ட்வேர் திணறுவதற்கு வேறு காரணம் உண்டு. அது பெரிய ஃபைலை ஒரே மூச்சில் இழுப்பதில்லை. ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன வாசிப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும். நடுவில் ஒரு பொட்டலம் விழுந்தால், மறுபடி அனுப்புவதற்கு முன் 200, 300 மில்லிசெகண்ட் காத்திருக்க நேரலாம். சின்ன ஸ்விட்ச்களில் எல்லா போர்ட்டுக்கும் பொதுவாக இருக்கும் பஃபர் (தற்காலிக நினைவகம்) அரை மெகாபைட் அளவுதான். இரண்டு கிகாபிட் வரவு ஒரு கிகாபிட் போர்ட்டில் மோதினால் நான்கு மில்லிசெகண்டில் நிறைந்துவிடும். சராசரிப் பயன்பாடு 20 சதவீதம் என்று கிராஃப் காட்டினாலும், இந்த நொடிப்பொழுது நெரிசல் அதில் தெரியாது. டிஸ்கார்டு எண்ணிதான் சாட்சி.

தேட வேண்டிய இடங்கள்: ஒரு ஸ்விட்ச்சிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து மேஜைக்கு அடியில் ஐந்து போர்ட் ஒன்று என்று சங்கிலியாகப் போயிருக்கிறதா? அந்தச் சங்கிலியில் எங்காவது 100 மெகாபிட் பழைய ஸ்விட்ச் உட்கார்ந்திருக்கிறதா? அப்படி ஒன்று இருந்தால் அதற்கு அப்பால் இருக்கும் எல்லாரும் அந்த 100ஐப் பங்கிட வேண்டியதுதான். கேமரா போக்குவரத்து எந்த வழியில் போகிறது? ஒரு கேமரா 4 மெகாபிட் என்றால் 32 கேமரா 128 மெகாபிட். 100 மெகாபிட் அப்லிங்க்கை அதுவே அடைத்துவிடும். என்விஆரை (கேமராப் பதிவுப் பெட்டி) கேமரா ஸ்விட்ச்சிலேயே செருகினால் இந்தச் சுமை ஆபீஸ் பக்கம் வராது.

டிசைனர்களையும் அவர்களின் நாஸ் (ஃபைல் சேமிப்பு) பெட்டியையும் ஒரே ஸ்விட்ச்சில் வையுங்கள். இரண்டு கம்பியை எல்ஏசிபி என்ற முறையில் ஒன்றாகச் சேர்ப்பது பலர் ஒரே நேரத்தில் எடுக்கும்போது உதவும். ஒருவரின் ஒற்றைக் காப்பி 940ஐத் தாண்டாது, ஏனென்றால் ஒரு இணைப்பு முழுவதும் ஒரே கம்பியில்தான் போகும். உண்மையான தேவை இருந்தால் 10 ஜி அப்லிங்க் உள்ள ஸ்விட்ச்சுக்குச் செலவு செய்யலாம்.

ஃப்ளோ கன்ட்ரோல் என்ற அமைப்பையும் ஒருமுறை பாருங்கள். அது ஆனில் இருந்தால், மெதுவான ஒரு பிரிண்டரோ 100 மெகாபிட் கம்ப்யூட்டரோ நிறைந்து வழியும்போது ஸ்விட்ச் சர்வரையே நிறுத்தச் சொல்லிவிடும். அந்த இடைவெளியில் மற்ற எல்லாருக்கும் தரவு நிற்கும். அணைத்துவிட்டு ஒரு வேலைநாள் ஒப்பிட்டுப் பாருங்கள்.

"திடீர்னு ஆபீஸே நின்னுபோச்சுங்க, லைட்டு மட்டும் படபடன்னு மின்னுதுங்க"

எல்லா போர்ட் விளக்கும் ஒரே தாளத்தில் வெறித்தனமாக மின்னினால் அது லூப், அதாவது தரவு சுற்றிச் சுற்றி வரும் வளையம். யாரோ தொங்கிக்கொண்டிருந்த கார்டின் இரண்டு முனையையும் ஒரே ஸ்விட்ச்சில் செருகியிருப்பார்கள். அல்லது ஐபி போனின் இரண்டு துளையும் சுவருக்குப் போயிருக்கும். ஈதர்நெட் ஃப்ரேமுக்கு ஆயுள் எண்ணிக்கை கிடையாது. எல்லாருக்கும் போகும் ஒரு பிராட்காஸ்ட் சுற்ற ஆரம்பித்தால் கம்பியைப் பிடுங்கும் வரை ஓயாது.

ரேக்கில் உள்ள முதன்மை ஸ்விட்ச்சில் அப்லிங்க்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியதும் மின்னல் அடங்குகிறதோ அந்தக் கிளையில் போய் அதையே மறுபடி செய்யுங்கள். கிளையெல்லாம் பிடுங்கியும் அடங்கவில்லையென்றால் லூப் அந்த ஸ்விட்ச்சிலேயே இருக்கிறது. ஸ்விட்ச்சை அணைத்துப் போடுவதால் பயனில்லை. உயிர் வந்ததும் லூப்பும் வரும். மேனேஜ்டு ஸ்விட்ச்சில், லூப்பைக் கண்டு போர்ட்டை அடைக்கும் ஆர்எஸ்டிபியையும் லூப் டிடெக்‌ஷனையும் சேர்த்தே ஆன் செய்யுங்கள், ஏனென்றால் கீழே தொங்கும் சில அன்மேனேஜ்டு ஸ்விட்ச்கள் அது அனுப்பும் எஸ்டிபி செய்தியை விழுங்கிவிடும். ஆன் செய்ததோடு விடாமல், விடுமுறை நாளில் வேண்டுமென்றே ஒரு லூப் போட்டு அந்த போர்ட் தானாக அடைபடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

"சாயங்காலமானா கேமரா ஒவ்வொண்ணா அணைஞ்சு அணைஞ்சு வருதுங்க"

இருட்டியதும் கேமராவின் இன்ஃப்ராரெட் விளக்கு எரியத் தொடங்கும். மின் தேவை கூடும். 65 வாட் பிஓஇ (நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் தரும்) ஸ்விட்ச்சில் எட்டு கேமரா, பகலில் தலா 5 வாட் என்றால் 40. இரவில் தலா 9 என்றால் 72. ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் என்று எழுதியிருப்பதை எட்டால் பெருக்கிவிடக் கூடாது. மொத்த பட்ஜெட்தான் எல்லை. இரண்டு கேமராவைத் தனி இன்ஜெக்டருக்கு (கேபிளில் மின்சாரம் ஏற்றும் சின்னப் பெட்டி) மாற்றிப் பாருங்கள். கடைக்கோடிக் கேமரா மட்டும் அணைந்தால் பட்ஜெட் அல்ல, கேபிள்: அலுமினியக் கம்பியிலும் 90 மீட்டர் தாண்டிய ஓட்டத்திலும் வோல்டேஜ் வழியிலேயே கரைந்துவிடும்.

"மத்தியானம் ஹேங் ஆகுதுங்க, ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா சரியாகுதுங்க"

திருப்பூர், பல்லடம், சோமனூர் பக்கம் இதற்கு முதல் காரணம் பஞ்சு. கட்டிங், செக்கிங் பிரிவுகளில் மிதக்கும் பஞ்சு இழை ஃபேன் வாயில் மெத்தையாகப் படிந்து காற்றை அடைத்துவிடும். சாதாரண ஸ்விட்ச்களின் தாங்குவரம்பு 40 டிகிரி, சிலவற்றுக்கு 50. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் மூடிய ரேக்கில் அந்த அளவு எளிதில் தாண்டும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு மென்மையான பிரஷ்ஷாலும் புளோயராலும் சுத்தம் செய்யுங்கள். ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள், இல்லையென்றால் அதிவேகமாகச் சுழன்று பேரிங் போய்விடும். பஞ்சு அதிகமான இடத்தில் ஃபேன் இல்லாத மாடலே நல்லது. ஃபவுண்டரி, லேத் பக்கம் இரும்புத் தூள் மின்சாரம் கடத்தும் என்பதால் ரேக்கை அந்த அறையை விட்டே வெளியே எடுங்கள்.

சுத்தம் செய்தும் நிற்கிறது என்றால் அடாப்டர். 12 வோல்ட் அடாப்டர் சும்மா அளந்தால் 12 காட்டும். சுமை ஏறும்போது உள்ளே உப்பிய கெப்பாசிட்டர் தாங்காமல் இறங்கும். ஸ்விட்ச் ஓடும்போதே அளக்க முடியாவிட்டால், அதே வோல்டேஜ், அதே பின், அதே அல்லது அதிக ஆம்பியர் உள்ள நல்ல அடாப்டரை ஒரு நாள் மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

"பக்கத்துக் கட்டடத்துக்குப் போற லைன் மட்டும் வருது போகுதுங்க"

ஆபீஸுக்கும் குடோனுக்கும் தனித்தனி எர்த் இருந்தால், அவற்றுக்கு நடுவில் இழுத்த செம்புக் கேபிள் மின்னழுத்த வேறுபாட்டையும் சுமக்கும். சித்திரை மழை இடியிலும் ஐப்பசி இடியிலும் போர்ட் எரிவது இந்த வழியாகத்தான். 100 மீட்டருக்குள் இருந்தாலும் கட்டடம் விட்டுக் கட்டடத்துக்கு ஃபைபர்தான் போட வேண்டும்.

ஃபைபர் இருந்தும் தடுமாறினால் எஸ்எஃப்பியின் (ஃபைபரைச் செருகும் சின்ன மாட்யூல்) ஒளி அளவைப் பாருங்கள். 1000பேஸ்-எல்எக்ஸ் தரத்தில் வாங்கும் எல்லை −19 டிபிஎம். −17 அளவுக்கு வந்திருந்தால் கனெக்டர் முனையை அதற்குரிய கிளீனரால் துடைத்து மறுபடி அளந்து பாருங்கள். ஒற்றை இழையில் ஓடும் ஜோடி எஸ்எஃப்பி என்றால் ஒரு முனை 1310 நானோமீட்டர் ஒளியும் மறுமுனை அதன் ஜோடியான 1490 அல்லது 1550 ஒளியும் அனுப்புவதாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே வகையானால் இணைப்பே எழாது.

"காலையில சிஸ்டம் போட்டதும் நெட்டு இல்லைங்க, கொஞ்ச நேரம் கழிச்சு வருதுங்க"

‘ஐபிகான்ஃபிக் /ஆல்’ (ipconfig /all) கட்டளையில் முகவரி 169.254 என்று தொடங்கினால், கம்ப்யூட்டர்களுக்கு ஐபி முகவரி கொடுக்கும் டிஎச்சிபியின் பதில் வரவில்லை. ஆர்எஸ்டிபிக்கு முந்தைய பழைய எஸ்டிபி ஒரு போர்ட்டைத் திறக்க 30 நொடி எடுக்கும். எஸ்எஸ்டி உள்ள கம்ப்யூட்டர் அதற்குள் கேட்டுக் களைத்துவிடும். கம்ப்யூட்டர் செருகிய போர்ட்டுகளை எட்ஜ் போர்ட் என்று குறித்தால் தீரும். முகவரி வந்தும் வேறு வரிசையில் இருந்தால், டிஎச்சிபி சர்வர் என்ற வரியில் எந்த எண் என்று பாருங்கள். யாராவது கொண்டுவந்து செருகிய வைஃபை ரவுட்டர் தானும் முகவரி பங்கிட்டுக்கொண்டிருக்கும். அதில் டிஎச்சிபியை அணையுங்கள்.

ஸ்விட்ச்தான் பழுது என்று சொல்லத்தக்க நேரம்

நேர் இணைப்பில் 940 வந்து, அதே கார்டுகளோடு ஸ்விட்ச் வழியே மட்டும் குறைந்தால்; நல்லதென்று தெரிந்த கார்டிலும் ஒரே போர்ட்டில் சிஆர்சி ஏறினால்; இடி விழுந்த பிறகு அடுத்தடுத்த நான்கோ எட்டோ போர்ட் ஒன்றாகச் செத்தால். ஒரே சிப் பல போர்ட்டைக் கவனிப்பதால் அவை கூட்டமாகத்தான் போகும். அந்தக் கூட்டத்தில் மிஞ்சிய போர்ட்டையும் நம்பி சர்வரைச் செருகாதீர்கள். செத்தவற்றில் டேப் ஒட்டி, மாற்று வரும் வரை மற்ற கூட்டத்தில் ஓட்டுங்கள். புது ஸ்விட்ச் வந்ததும் ரேக்கில் ஏற்றுவதற்கு முன் அதே இரண்டு லேப்டாப்பால் ஒவ்வொரு போர்ட்டையும் இரு திசையிலும் அளந்து, எண்ணை ரேக் கதவின் உள்பக்கம் தேதியோடு எழுதி ஒட்டிவிடுங்கள்.